நெசமாத்தான் சொல்றாங்களா? – வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் தபால், வாட்ஸ்அப் ரெண்டுலயும் வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், தேர்தல்ல கட்சிங்க குடுக்கற வாக்குறுதி நெசமா, சும்மாவான்னு. மாங்காய்க்கு வெல இல்லாதது பத்திக் கூட ரெண்டே பேருதான் கேட்டிருக்காங்க, கிருஷ்ணகிரிக்காரங்களே என்ன ஆச்சு உங்களுக்கு. அதனால ஜோசியம், சினிமா, மூட்டுவலி எல்லாத்தையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க. பேரு போட வேணாம்னு நெறைய பேரு கேட்டுக்கிட்டதால யாரு பேரும் போடல, ஊரு மட்டும்தான்.

அண்ணா, தேர்தல் வந்தா ஒரு கட்சி ஒரு ஜாதிக்குத் தனி ஒதுக்கீடுங்குது, இன்னொரு கட்சி அதைக் காட்டியே மத்த ஜாதிய பயமுறுத்துது. மண்டியில பக்கத்துப் பக்கத்துல கூடை எறக்கறவனே ரெண்டு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. இதெல்லாம் நெசமாவே செய்யணும்னு நெனச்சுத்தான் சொல்றாங்களா, ஓட்டு விழுற வரைக்கும்தானா? – தக்காளி வியாபாரி, பாலக்கோடு

தருமபுரியில உக்காந்துகிட்டு இந்தக் கேள்விக்கு வன்னியருக்குக் குடுத்த 10.5 சதவீத தனி ஒதுக்கீடு பத்திப் பேசாம பதில் சொன்னா நானும் நழுவறேன்னு அர்த்தம், அதனால அதையே எடுத்துக்கறேன்.

1987 செப்டம்பர்ல வன்னியர் சங்கம் ஒரு வாரம் ரோட்டை மறிச்சுது, 21 உயிர் போச்சு. 1989ல கலைஞர் ஆட்சி மிகவும் பிற்படுத்தப்பட்டோர்னு தனிப்பட்டியல் போட்டு 20 சதவீதம் குடுத்துச்சு. அந்த இருபதுக்குள்ள எங்களுக்குன்னு தனியா வேணும்னு பாமக கேட்டது நேத்து இன்னிக்குக் கேட்டதில்ல, வருஷக்கணக்கா கேட்டது. அதனால கேட்டவங்க நெசமாத்தான் கேட்டாங்க, அதுல சந்தேகம் வேணாம்.

குடுத்த அதிமுக ஆட்சியோட கதைதான் வேற. 2020 டிசம்பர்ல ஜாதிவாரியா புள்ளிவிவரம் எடுக்கறதுக்கு நீதிபதி குலசேகரன் தலைமையில ஆணையம் போட்டாங்க. சரி, கணக்கு வரட்டும் அப்புறம் சட்டம்னு எல்லாரும் நெனச்சா, 2021 பிப்ரவரி 26ஆம் தேதி டெல்லியில தேர்தல் தேதி அறிவிக்க கமிஷன் மைக் முன்னாடி உக்காருது, அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி சென்னையில சட்டசபையில மசோதா நிறைவேறுது. வன்னியருக்கு 10.5, சீர்மரபினருக்கும் அவங்களோட சேத்த ஜாதிகளுக்கும் 7, மிச்சம் இருக்கறவங்களுக்கு 2.5. மறுநாளே அதிமுக, பாமக கூட்டணியில 23 சீட்டுக்குக் கையெழுத்து. ஆணையத்தோட கணக்கு? அது வரவே இல்ல.

தேர்தல் முடிஞ்சுது. நம்ம மாவட்டத்துல அஞ்சுக்கு அஞ்சும் அந்தக் கூட்டணி ஜெயிச்சுது, ஆனா மாநிலத்தைத் தோத்துட்டாங்க. பாமக ஜெயிச்ச மொத்த சீட்டும் அஞ்சுதான், அதுல ரெண்டு நம்ம தருமபுரியும் பென்னாகரமும். தெற்க போனா இதே 10.5 அவங்களுக்கு எதிரா வேலை பார்த்துச்சுன்னு அதிமுககாரங்களே சொல்லிக்கிட்டாங்க. புதுசா வந்த திமுக ஆட்சி ஜூலையில அரசாணை போட்டு அதையே அமல்படுத்துச்சு. நவம்பர் 1ஆம் தேதி மதுரை ஐகோர்ட் கிளை ரத்து பண்ணிடுச்சு, 2022 மார்ச் 31ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. சட்டம் போடற அதிகாரம் மாநிலத்துக்கு இருக்கு, ஆனா ஒரு ஜாதிய மட்டும் தனியாப் பிரிக்க போதுமான ஆதாரம் எங்க, 1980கள்ல எடுத்த அம்பாசங்கர் கமிஷன் கணக்கை வெச்சு எப்படி இப்ப பிரிக்கறீங்கன்னு கேட்டாங்க.

எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கு 2021ல அந்த ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் சீட்டு கெடச்சுது. அவங்கப்பா இ-சேவை மையத்துக்கு மூணு நாள் அலைஞ்சு ஜாதி சான்றிதழ் வாங்கி, லேமினேஷன் வேற போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருந்தாரு, நான் பாத்தேன். ஏற்கனவே சேந்தவங்கள தொடக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதால அந்தப் பொண்ணு தப்பிச்சுது. அடுத்த வருஷம் தம்பிக்கும் அதே மாதிரி சான்றிதழ், அதே கடையில லேமினேஷன், ஒதுக்கீடு மட்டும் இல்ல. "அக்காவுக்கு இருந்தது எனக்கு ஏன் இல்ல"ன்னு பையன் கேட்டதுக்கு அவரு என்ன சொல்லியிருப்பாரு.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். செய்யணும்ங்கற எண்ணம் இல்லாம இல்ல, சட்டமே போட்டுட்டாங்களே. ஆனா போட்ட சட்டம் கோர்ட்டுல நிக்கணும்ங்கற கவலை இருந்துச்சான்னா, எனக்கு இருந்ததாத் தெரியல. நின்னா பேரு, விழுந்தா "நாங்க குடுத்தோம், கோர்ட் பிடுங்கிடுச்சு". ரெண்டுலயும் லாபம். அதனால இனிமே எந்தக் கட்சி எந்த ஜாதிக்கு என்ன குடுக்கறேன்னாலும் யாரு தட்டுல இருந்து எடுத்து வெக்கப் போற, கணக்கு எங்கன்னு கேளுங்க. மண்டியில எடை போடாம ஒரு கூடை விடுவீங்களா நீங்க?

சொன்னதைச் செய்யலைன்னா கட்சி மேல கேஸ் போட முடியாதா சார்? – ஐடிஐ மாணவர், ஊத்தங்கரை

போடலாம், நிக்காது தம்பி. இலவச கலர் டிவி, மிக்ஸி, கிரைண்டர் விவகாரத்துல 2013 ஜூலையில சுப்ரீம் கோர்ட் சுப்பிரமணியம் பாலாஜி வழக்குல தீர்ப்பு சொல்லிடுச்சு, தேர்தல் அறிக்கையில சொல்றது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாதுன்னு. அதோட தேர்தல் கமிஷனை வழிமுறை வகுக்கச் சொல்ல, அவங்களும் வகுத்தாங்க: வாக்குறுதிக்குக் காசு எங்கிருந்து வரும்னு பொதுவாவாச்சும் சொல்லணும், நிறைவேத்தக் கூடியதை மட்டும் சொல்லணும். படிக்க நல்லாத்தான் இருக்கு. மீறினா என்ன ஆவும்னு கேட்டீங்கன்னா ஒண்ணும் ஆவாது.

எங்க பாட்டி சொல்லும், ராஜாஜி காலத்துல நம்ம ஊருல சாராயக்கடையே இல்லன்னு. இப்ப ஒவ்வொரு தேர்தலுக்கும் மதுவிலக்கு மதுவிலக்குன்னு சொல்றாங்க, வீட்டுல பொம்பளைங்க ஒரு கட்சி ஆம்பளைங்க ஒரு கட்சியா பிரியறோம், கடைசியில கடை அங்கயேதான் இருக்கு. ஏன்? – கம்பெனி தொழிலாளி, ஓசூர்

பாட்டி சொன்னது சரிம்மா. உங்க ஓசூருக்குப் பக்கத்துல தொரப்பள்ளியில பொறந்தவருதான ராஜாஜி. 1937ல மெட்ராஸ் மாகாணத்துக்குப் பிரதமரா (அன்னிக்கு முதலமைச்சருக்கு அதுதான் பேரு) வந்ததும் அக்டோபர் 1ஆம் தேதி மொத மதுவிலக்கு கொண்டாந்தது சேலம் மாவட்டத்துல, அன்னிக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலம் மாவட்டம்தான். சொன்னாரு, தேர்தல்ல ஜெயிச்ச அதே வருஷம் செஞ்சாரு, ஆனா நான் சொல்ல வந்தது அதுக்கடுத்தது. கலால் வருமானம் போனா கஜானாவுல ஓட்டை விழும் இல்லையா, அதை அடைக்க 1939ல விற்பனை வரி கொண்டாந்தாரு. வியாபாரிங்க கத்தினாங்க, ஏசினாங்க, மனுசன் அசையல. அவரை எனக்குப் பல விஷயத்துல பிடிக்காது, குறிப்பா கட்டாய இந்தி விஷயத்துல, ஆனா இதுல அவரு நெசமாத்தான் இறங்கினாருன்னு நான் நம்பறது அந்த வரியைப் பாத்துத்தான். கடைய மூடறேன்னு யாரு வேணா சொல்லலாம், மூடினா குறையற காசை இவங்ககிட்ட இருந்து எடுக்கறேன்னு ஒருத்தன் வாயத் தொறந்து சொன்னாத்தான் யோசிச்சுட்டு வந்திருக்கான்னு அர்த்தம்.

2016ல ரெண்டு பெரிய கட்சியும் சொன்னாங்க. ஜெயலலிதா படிப்படியாங்கறாங்க, திமுக பூரணமாங்குது. ஜெயிச்சு வந்த அம்மா மே மாசம் 500 கடைய மூட கையெழுத்துப் போட்டாங்க, தொறக்கற நேரத்தையும் காலையில 10ல இருந்து மத்தியானம் 12க்கு மாத்தினாங்க. 2017ல எடப்பாடி வந்து இன்னொரு 500. 2023ல திமுக ஆட்சியில இன்னொரு 500. படி இருக்கு, எறங்கறவங்க ரெண்டாவது படியிலயே ஆறு வருஷம் உக்காந்துக்கிட்டாங்க. 2023-24ல டாஸ்மாக்ல இருந்து அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல. அந்தக் காசுக்குப் பதிலு எங்கன்னு எந்த அறிக்கையில எழுதியிருந்துச்சு, காட்டுங்க பாப்போம். இதுல உங்க ஊருக்குன்னு தனிக் கஷ்டம் வேற, இங்க பூட்டினா கர்நாடகா எல்லையில இருக்கற அத்திப்பள்ளி எவ்வளவு தூரம், ஷேர் ஆட்டோ தூரம்.

2008ல ஒகேனக்கல் குடிநீர் திட்டத்துக்கு கர்நாடகாவுல அவ்வளவு கலாட்டா பண்ணினாங்களே, உயிரே போனாலும் விடமாட்டோம்ங்கற மாதிரி. இன்னிக்கு எங்க வீட்டுக் குழாயில அந்தத் தண்ணிதான் வருது. அப்ப அன்னிக்கு சொன்னது எல்லாம் என்ன? – பள்ளி ஆசிரியை, பென்னாகரம்

டீச்சர், நீங்க கேட்டதுலயே பதில் இருக்கு. ஆனாலும் அந்த ஏப்ரல் எனக்கு மறக்காது, சொல்றேன்.

என் மச்சினன் அப்ப பெங்களூருக்குத் தக்காளி வேன் ஓட்டிக்கிட்டிருந்தான். ஜூஜூவாடி செக்போஸ்ட்டுல வண்டிய நிறுத்தி, உள்ள போனா அடிப்பாங்க போவாதேன்னு சொல்லிட்டாங்க. ராத்திரி பூரா ரோட்டோரம். காலையில வெயில் ஏற ஏற கூடைக்கு அடியில இருந்து தண்ணி சொட்ட ஆரம்பிச்சுது, தார்ப்பாய் மேல ஈ. ரெண்டாவது நாள் அவன் பாதி லோடை ஓசூர்லயே வந்த வெலைக்குத் தள்ளிட்டு, மீதிய ஏரிக்கரையில மாட்டுக்குக் கொட்டிட்டு வந்தான். வண்டி நம்பர் பிளேட்ல சேறு பூசியிருந்தான் பாவம், யாரு சொல்லிக் குடுத்தாங்களோ.

இத்தனைக்கும் அந்தத் திட்டம் புதுசு இல்ல, 1998லயே ரெண்டு மாநிலமும் ஒத்துக்கிட்ட குடிதண்ணி. நம்ம பக்கம் போர்த்தண்ணியில புளோரைடு, பசங்களுக்குப் பல்லு மஞ்சளா, பெரியவங்களுக்கு முட்டி மடங்காம, அதுக்காகக் கேட்டது. ஜப்பான் கடன்ல 1,900 கோடி சொச்சம் திட்டம், 2008 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. மே மாசம் கர்நாடகாவுல தேர்தல். அங்கத்து பிஜேபி தலைவர் எடியூரப்பா மார்ச்ல ஆளுங்களோட ஒகேனக்கல்லுக்கே வந்து நின்னாரு. அங்க தியேட்டர், பஸ், தமிழ்ச்சங்கம்னு தாக்குதல், இங்க சினிமாக்காரங்க உண்ணாவிரதம். கலைஞர் ஏப்ரல் அஞ்சாம் தேதி வாக்குல, கர்நாடகாவுல தேர்தல் முடிஞ்சு ஆட்சி வரட்டும், பொறுத்துக்கலாம்னுட்டாரு. அப்ப அவரைத் திட்டாத ஆளு நம்ம மாவட்டத்துல இல்ல, நானும் திட்டினேன். யோசிச்சுப் பாத்தா கெழவன் கணக்கு தப்பல. தேர்தல் முடிஞ்சுது, எடியூரப்பா முதலமைச்சர் ஆனாரு, சூடு தானா எறங்கிச்சு, குழாய் பதிச்சாங்க, 2013 மே மாசம் ஜெயலலிதா தொறந்து வெச்சாங்க. தடுப்போம்னு சொன்னவங்களுக்குத் தடுக்கறது நோக்கமா இருந்திருந்தா ஆட்சி கையில வந்தப்புறம் எவ்வளவோ பண்ணியிருக்கலாம் இல்ல? ஓட்டு எண்ணி முடிச்ச அன்னிக்கே அந்த வேலை முடிஞ்சுது. என் மச்சினனோட தக்காளிக்குத்தான் யாரும் கணக்கு தீக்கல.

நீட்? – பிளஸ் டூ மாணவி, காரிமங்கலம்

ஒரே வார்த்தையில கேட்டுட்டியேம்மா. வரிசையா சொல்றேன். 2017ல அதிமுக ஆட்சி நீட்டுல இருந்து விலக்கு கேட்டு மசோதா போட்டுச்சு, ஜனாதிபதி ஏத்துக்கல. 2021ல திமுக ஆட்சிக்கு வந்தா நீட் போயிடும்னு பிரசாரம் பண்ணினாங்க, வழி எங்களுக்குத் தெரியும்னே சொன்னாங்க. நீட் பாதிப்பைப் பாக்க ஏ.கே.ராஜன் கமிட்டி, செப்டம்பர்ல மசோதா, 2022 பிப்ரவரியில ஆளுநர் திருப்பி அனுப்ப மறுபடி நிறைவேத்தினாங்க, கடைசியில ஜனாதிபதி ஒப்புதல் மறுத்துட்டாருன்னு 2025 ஏப்ரல்ல முதலமைச்சரே சபையில சொன்னாரு. முயற்சி பண்ணலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா சாவி டெல்லியில இருக்குன்னு பிரசாரத்துக்கு முன்னாடியும் தெரியும் பின்னாடியும் தெரியும், நடுவுல மைக் பிடிச்ச நேரத்துல மட்டும் மறந்துட்டாங்க. வாக்குறுதியே குடுக்காம 2020ல வந்த அரசுப் பள்ளி பசங்களுக்கான 7.5 சதவீதம்தான் உன்னை மாதிரி புள்ளைங்கள உள்ள கொண்டு போயிருக்கு. நீ படி.

காஷ்மீர் தனி அந்தஸ்துக்கான 370, ராமர் கோயில் எல்லாம் சும்மா ஓட்டுக்கு, செய்ய மாட்டாங்கன்னு எங்க அப்பா இருபது வருஷமா சொன்னாரு. செஞ்சுட்டாங்களே! இப்ப அப்பாவை என்ன சொல்றது? – கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

அப்பாவை ஒண்ணும் சொல்லாத, பாவம் அவரு மட்டுமா சொன்னாரு, பாதி நாடே அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்துச்சு. அவரு அப்படி நெனச்சதுக்குக் காரணமும் இருக்கு. 1998ல பிஜேபிக்கு 182 எம்பி, கூட்டணி இல்லாம ஆட்சி இல்ல, நம்ம ஊரு கட்சிங்க கூட அதுல இருந்தாங்க. அப்ப ராமர் கோயில், 370, பொது சிவில் சட்டம் மூணையும் கூட்டணி செயல்திட்டத்துல இருந்து எடுத்து ஓரமா வெச்சாங்க. உங்கப்பா ஓரமா வெச்சதைத் தூக்கிப் போட்டதா நெனச்சுட்டாரு. 2019ல 303 சீட்டு வந்துச்சு, ஆகஸ்ட் 5ஆம் தேதி 370 போச்சு, மூணு மாசம் ஆறதுக்குள்ள முடிச்சுட்டாங்க. கோயில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வழியா வந்துச்சு, 2024 ஜனவரி 22ல கும்பாபிஷேகம். சிவில் சட்டம் இன்னும் நாடு பூரா இல்ல, உத்தராகண்ட் 2025 ஜனவரியில அமல் பண்ணியிருக்கு. குடியுரிமை திருத்தத்தைப் பாரு, 2019 டிசம்பர்ல சட்டம், விதிமுறை வந்தது 2024 மார்ச்சுல, தேர்தல் தேதி அறிவிக்கறதுக்கு சில நாள் முன்னாடி. ஒரே கட்சி, ஒண்ணுல அவசரம், ஒண்ணுல நாலு வருஷம் பொறுமை.

எனக்கு இதுல கோவம் வர்ற எடம் எதுன்னா, "சும்மா சொல்றாங்க"ங்கற வார்த்தைய ரெண்டு தரப்பும் சொல்லுது. அவங்களுக்கு ஓட்டுப் போடறவரு, அந்த ஒரு விஷயம் மட்டும் பிடிக்காதவரு, "அதெல்லாம் செய்ய மாட்டாங்கப்பா, ரோடு நல்லா போடறாங்க"ன்னு போட்டுட்டு வர்றாரு. எதுக்கறவங்களும் "அதெல்லாம் முடியாது"ன்னு தூங்கறாங்க. முப்பது வருஷமா ஒரே பக்கத்துல ஒரே வார்த்தைய எழுதற கட்சி விளையாட்டுக்கு எழுதாது, தலை எண்ணிக்கைக்குக் காத்திருக்குன்னு எடுத்துக்கணும்.

செய்ய வேண்டி வராதுன்னு நெனச்சுக் குடுத்து மாட்டிக்கிட்டதும் இருக்கு. இங்கிலாந்துல டேவிட் கேமரூன் 2013 ஜனவரியில, ஐரோப்பிய யூனியன்ல இருக்கறதா வேணாமான்னு மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு வெக்கறேன்னாரு, சொந்தக் கட்சிக்குள்ள இருந்த சலசலப்பை அடக்க. அப்ப அவரு கூட்டணி ஆட்சி, மறுபடியும் கூட்டணிதான் வரும், கூட்டாளி ஒத்துக்க மாட்டான், தப்பிச்சுக்கலாம்னு கணக்குப் போட்டாருன்னு அப்பவே பேச்சு. 2015ல தனிப்பெரும்பான்மை வந்து தொலைச்சுது. 2016 ஜூன் 23ல ஓட்டெடுப்பு, அவரு இருக்கணும்னு பிரசாரம் பண்ணினாரு, 51.9 சதவீதம் போகணும்னு போட்டாங்க, அவரு வீட்டுக்குப் போனாரு.

எட்டு வழிச்சாலை கல்லு எங்க குச்சிக்கிழங்கு காட்டுல நட்டாங்க. எதுத்தவங்களுக்கு ஓட்டுப் போட்டேன், சாலை கொண்டாந்தவங்க கூட கூட்டணி வெச்சவங்களும் எதுத்தாங்க, ஒண்ணும் புரியல. – விவசாயி, அரூர் பக்கம்

உங்களுக்கு மட்டும் இல்ல ஐயா. 2018ல சேலம் சென்னை பசுமை வழிச்சாலை, 10,000 கோடி, 277 கிலோமீட்டர்னு வந்துச்சு, உங்க அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வழியா. அதிமுக அரசு வேணும்ங்குது, திமுக எதுக்குது, பாமக அன்புமணி கோர்ட்டுக்கே போனாரு. அப்புறம் அதே அன்புமணி 2019ல அதிமுக கூட்டணியில தருமபுரி எம்பிக்கு நின்னாரு! ஏப்ரல் 8ஆம் தேதி ஐகோர்ட் நிலம் எடுத்தது செல்லாதுன்னுச்சு, பத்து நாள்ல ஓட்டுப்பதிவு. நம்ம ஜனங்க என்ன பண்ணினாங்க தெரியுமா, எம்பிக்கு திமுகவுக்குப் போட்டு அன்புமணிய தோக்கடிச்சாங்க, அதே நாள் அதே பூத்துல நடந்த இடைத்தேர்தல்ல அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ரெண்டுலயும் அதிமுகவை ஜெயிக்க வெச்சாங்க. நம்மளைப் பாத்து எந்தக் கட்சிதான் என்ன முடிவுக்கு வரும். 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் திட்டத்துக்கு வழி விட்டுடுச்சு. ஆட்சி மாறினப்புறம் திமுக பக்கம் இருந்து, நாங்க சாலைய எதுக்கல, விவசாயிங்கள கேட்டுச் செய்யச் சொன்னோம்னு பேச்சு கொஞ்சம் வளைஞ்சுது. நீங்க பட்டா, சிட்டா நகல் எல்லாம் எடுத்து பத்திரமா வெச்சுக்குங்க, கல்லைப் பிடுங்கிட்டேன்னு நிம்மதியா இருக்காதீங்க.

2021ல எனக்கும் எங்க அக்கா வூட்டுக்காரருக்கும் சண்டை. ஒரே ஜாதிதான், அவரு ஒரு கட்சி நான் ஒரு கட்சி, 10.5 யாரு வாங்கிக் குடுத்ததுன்னு சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல வாய் முத்திப் போச்சு. அதையே கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, எங்களுக்குள்ள மட்டும் இன்னும் பேச்சு இல்ல. வர்ற மாசம் அக்கா பொண்ணுக்கு காதுகுத்து, பத்திரிகை வெக்கல. போறதா வேணாமா? – காவேரிப்பட்டணம்

யோவ், தாய்மாமன் மடி இல்லாம எப்படிய்யா காது குத்துவாங்க, ஆசாரி வந்து நிப்பாரு, புள்ளைய யாரு மடியில உக்கார வெக்கறது? பத்திரிகைய விடுங்க, அக்காவுக்கு ஒரு போன் போடுங்க, அவங்க உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டிருப்பாங்க. மாமாவோட கட்சிப் பேச்சு எதுவும் எடுக்காதீங்க, அவரே எடுத்தாலும் கொட்டாவி விட்டுட்டு பந்தி பக்கம் போயிடுங்க. சீர்த்தட்டுல கம்மல், பட்டுப்பாவாடை, அச்சு வெல்லம் எல்லாம் முறையா வெச்சு எடுத்துக்கிட்டுப் போங்க, செல்போனை மட்டும் வண்டி டேங்க் கவர்ல போட்டுட்டுப் போங்க.